துரையைச் சுற்றி மூன்று சுற்று

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் வீட்டில் எல்லாம் சேர்ந்துவிட்டது. கூறைப்புடவை தறியில் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபம் பேசியாகிவிட்டது. சமையல்காரர் வந்து எங்கள் வெற்றிலையைப் போட்டுத் துப்பிவிட்டுப் போயிருந்தார். அக்காவின் அப்பா முகம் மட்டும்தான் கிடைக்கவில்லை.

அக்கா என்றால் என் பெரியம்மாவின், அதாவது அம்மாவுடைய அக்காவின் மகள். காஞ்சி பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டை நடுவில் தட்டி வைத்துப் பிரித்துக்கொண்டு, நாங்கள் ஒரு பக்கமும் பெரியம்மாவும் அக்காவும் மறு பக்கமும் இருந்தோம். தட்டி பேருக்குத்தான். நான் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா திட்டுவாள். பெரியப்பா வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்வலம் போய், ஜெயிலுக்குப் போய், இருமலோடு திரும்பி வந்து, அக்கா தவழ ஆரம்பிப்பதற்குள் போய்ச் சேர்ந்தவர். ஒரு போட்டோ கூடப் பிடித்துக்கொண்டதில்லை.

எங்கள் பக்கத்தில் அப்பா இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், தாலி ஏறுவதற்கு முன்னால் அப்பாவின் படத்துக்கு மாலை போடுவார்கள். பெண் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மணையில் உட்கார வேண்டும். படம் இல்லாத வீட்டுக்கு என்ன வழி என்று போட்டோ ஸ்டுடியோக்காரரைக் கேட்டோம். அவருக்கு இது பழகிப்போன விஷயம்.

"அவரு தம்பி ஆரணில இருக்காரு இல்ல? அவரு படத்த எட்தாங்கமா. மீசய கொஞ்சம் தூக்கி, கன்னத்துல சதையக் கொறச்சி, பிரஷ்ஷால டச் பண்ணிக் குட்த்துடறேன். ஊர்ல பாதிப் படம் அப்டிதாம்மா."

"எவனோ மூஞ்சிக்கு நான் வுழுந்து கும்புடணுமா?" என்றாள் அக்கா.

"என் படத்த வெச்சிக்கோக்கா. நான் நல்லா ஆசீர்வாதம் பண்ணுவேன்" என்றேன் நான். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்த தார்க்குச்சி என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். தறியில் உட்கார்ந்தால் கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அதனால் வாய்க்குத் தனியாக வேலை கொடுத்து வைத்திருந்தேன். தெருவில் போகிற யாரையும் விடுவதில்லை. அக்காவை அதிகமாகச் சீண்டுவேன், அவள்தான் நன்றாகத் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் அப்பா முகம் என்ற விஷயத்தில் அவள் வேறு ஆள். சின்ன வயதிலிருந்தே ராத்திரி படுக்கையில், "அம்மா, அப்பாவுக்கு மூக்கு எப்டி இருக்கும்?" என்று ஆரம்பிப்பாள். "நீட்டமா, கிளி மூக்கு மாதிரி" என்பார் பெரியம்மா. "கண்ணு?" "பெருசு. மையி இட்டா மாதிரி." தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது முசரவாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பெரியப்பாவோடு ஜெயிலில் இருந்தவர். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மெட்ராஸ்ல புதுசா ஒரு படக்கூடம் தொறந்து இருக்காங்கமா. ராஜா காலத்துலேர்ந்து இன்னிக்கி வரிக்கும், தேசத்து சரித்திரம் பூரா மனுசங்க படமா மாட்டி வெச்சி இருக்காங்களாம். அதுல நம்ம ஊரு ஊர்வலம் ஒரு படம் இருக்குதாம். அன்னிக்கி ஒரு ஓவியக்காரரு மாடில நின்னு வரஞ்சிக்கினு இருந்தாரு, நானே பாத்தேன். உன் ஊட்டுக்காரரும் அந்தப் படத்துல இல்லாம போவ மாட்டாரு. எனுக்குக் கண்ணு இருந்தா நானே போயி காட்டுவேன்."

அக்கா அன்று சோறு சாப்பிடவில்லை. அமாவாசை வரைக்கும் காத்திருந்தோம். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. விடிந்ததும் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு பெரியம்மா, அக்கா, நான் மூன்று பேரும் மெட்ராஸ் பஸ் ஏறினோம். அவர்கள் இரண்டு பேரையும் ரோடு தாண்ட வைக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். உண்மையில் ஸ்ரீபெரும்புதூரில் டீ குடிக்க இறங்கி பஸ்ஸைக் கோட்டை விடப் பார்த்தது நான்தான். அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

படக்கூடம் கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரன் கட்டிய பழைய கட்டிடம். வாசல் படியிலேயே பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டார்.

"போட்டுக்கினே வரலாம்மா" என்றார் வாசலில் இருந்த காவலாளி. காக்கி உடுப்பு, பெரிய தொந்தி.

"பரவால்லப்பா" என்றார் பெரியம்மா. அவர் கழற்றியதும் அக்கா கழற்றினாள். நான் மட்டும் எப்படிப் போட்டுக்கொண்டு போவது? கழற்றிவிட்டு, "சார், செருப்புக்கு டோக்கன் இல்லியா? எங்க ஊரு கோயில்ல குட்ப்பாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே நுழைந்தவுடனே சொல்வதற்கு ஒரு கேலி தயாராக வைத்திருந்தேன். பஸ்ஸிலேயே யோசித்து வைத்தது. அது என்ன என்று இப்போது எனக்கு ஞாபகமே இல்லை. உள்ளே போனதும் அப்படியே போய்விட்டது.

அவ்வளவு உயரமான கூடத்தை நான் கோயிலில் தவிர எங்கேயும் பார்த்ததில்லை. மேலே கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கியது. நான்கு சுவரிலும் ஆட்கள். நம் வீட்டுக் கதவை விடப் பெரிய ஆட்கள். சிலர் நின்றுகொண்டு, சிலர் நாற்காலியில், ஒருவர் குதிரைமேல். எல்லோரும் வந்த எங்களை ஏறெடுத்துப் பார்த்தார்கள். தெருவில் ஒருத்தன் முறைத்தால் நான் திருப்பி முறைப்பேன். இத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டேன். எப்போது கட்டினேன் என்று தெரியாது.

"டேய், இன்னாடா வாயே தொறக்க மாட்டேன்றே?" என்றாள் அக்கா.

"ஷ்" என்றேன் நான். நான் ஒருத்தரைப் பார்த்து 'ஷ்' என்று சொன்னது அதுதான் முதல் முறை.

கூடத்தின் நடுவில் பீடத்தின்மேல் சலவைக்கல்லில் ஒரு துரை நின்றுகொண்டிருந்தார். ஏதோ தெருமுனையில் நின்றவரைச் சுதந்திரத்துக்கு அப்புறம் பெயர்த்துக்கொண்டு வந்து உள்ளே வைத்திருக்க வேண்டும். வாசலுக்கு நேரே ஒரு பலகை. அதில் வலது பக்கம் காட்டி ஒரு அம்புக்குறி. அங்கிருந்து ஆரம்பித்தால் பழைய ராஜாக்கள், அப்புறம் நவாபுகள், அப்புறம் கம்பெனிக்காரர்கள், அப்புறம் ஜெயிலுக்குப் போனவர்கள், கடைசியில் இன்றைய தலைவர்கள் என்று சரித்திரம் வரிசையாக வரும்.

பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் உள்ளே நுழைந்ததும் சாமி வலது கைப் பக்கம் இருக்கும்படி இடது பக்கம் திரும்பித்தான் பிரகாரம் சுற்றுவோம். பெரியம்மா இடது பக்கம் திரும்பினார். நாங்கள் பின்னால் போனோம். சரித்திரத்தைக் கடைசியிலிருந்து பார்க்க ஆரம்பித்தோம்.

முதலில் வெள்ளைக் கதர் போட்ட தலைவர்கள். தடவினால் கஞ்சி மொரமொரப்பு கையில் ஒட்டும் போலிருந்தது. அப்புறம் ஜெயில் உடுப்போடு ஒருவர். அப்புறம் துரைமார்கள். அங்கேதான் வேடிக்கை. முதல் துரை கிழவர், மார்பு நிறைய மெடல். அடுத்தவர் கொஞ்சம் இளமை, மெடல் கொஞ்சம் குறைவு. போகப் போகத் துரைகள் இளைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒருவர் கையில் ஒரு கடிகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு, நவாபின் முன்னால் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் சின்னதாக ஒரு கப்பல். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு கூரைக்குப் போய்த் திரும்பி வந்து என் தலைமேலேயே விழுந்தது. அடங்கிவிட்டேன்.

துரைகளைத் தாண்டியதும் துணி கூடிக்கொண்டே போனது. நவாபுக்கு மஸ்லின் மேல் கின்காப். ராஜாவுக்குப் பட்டுமேல் பட்டு. ஒரு ராணியின் புடவை ஓரத்தில் ஜரிகை மின்னியது. நான் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஜரிகை இல்லை. கடுகை அரைத்துத் தீற்றியது மாதிரி மஞ்சளாக ஒரு இழுப்பு, அதன்மேல் வெள்ளையாக ஒரு புள்ளி. அவ்வளவுதான். இரண்டு அடி பின்னால் வந்தேன். மறுபடி ஜரிகை. மறுபடி பக்கத்தில் போனேன், கடுகு. நாங்கள் கரையையும் உடலையும் சேர்த்துக் கோர்வை போட்டு, கண் பூத்துப்போய், நாள் கணக்கில் நெய்வதை அந்த ஓவியக்காரன் ஒரே இழுப்பில் போட்டுவிட்டுப் போயிருந்தான். எனக்குப் பொறாமைகூட வரவில்லை. உடம்பு சிலிர்த்தது.

எங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் அம்புக்குறிப்படி வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய டீச்சர் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, இந்தப் பக்கமா வாங்க. அப்பத்தான் வரலாறு புரியும்."

"வலமாத்தான் சுத்தணும்மா, எடமா சுத்தக் கூடாது" என்றார் பெரியம்மா மரியாதையாக. டீச்சர் பிள்ளைகளை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார்.

ஊர்வலப் படத்தை முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டோம். தவற விடுகிற படம் இல்லை அது. ஒரு சுவரில் பாதி. கீழே பித்தளைத் தகட்டில், 'காஞ்சி நெசவாளர் ஊர்வலம்' என்று எழுதியிருந்தது. வரைந்தவர் பெயர் தேய்ந்திருந்தது. எங்கள் ராஜ வீதி. தூரத்தில் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம். கோபுரத்துக்குக் கீழே சிவப்புத் தொப்பியோடு போலீஸ் வரிசை. வீதி நிறைய ஜனம். முன்னால் போனவர்கள் திரும்பி நின்று பின்னால் வருகிறவர்களைக் கூப்பிடுகிறார்கள், அதனால் அவர்கள் முகம் எல்லாம் தெரிந்தது. தினம் நான் சைக்கிளில் போய்க் கடலை வாங்கித் தின்கிற தெரு. அது ராஜாக்களும் நவாபுகளும் இருக்கிற சுவரில், அவர்களுக்குச் சமமாக, அவர்களை விட அகலமாக மாட்டியிருந்தது. என் கால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். விரலை நீட்டாமல், முகவாயால் சுட்டிக்கொண்டே போனார். "இவுரு இல்ல. இவுரு இல்ல. இது கோடி வூட்டுக்காரரு, செத்துட்டாரு. இவுரு யாருன்னு தெரில. இவுரு இல்ல."

"கிளி மூக்கு இவருக்கு இருக்குதும்மா" என்றாள் அக்கா.

"இல்லமா."

"நல்லா பாரும்மா. பெரிய கண்ணு."

"இல்லமா."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நெருக்கினார்கள். நகர்ந்தோம். இரண்டாவது சுற்று வந்தோம். மறுபடி தலைவர்கள், மறுபடி ஊர்வலம். பெரியம்மா மறுபடி எல்லா முகத்தையும் பார்த்தார். அக்கா ஒரு முகத்தைக் காட்டி, "இவருதான?" என்று கேட்டாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மீசையே முளைக்காத ஒரு பையனைக்கூடக் காட்டினாள். பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ராஜாக்களைத் தாண்டி வாசல் பக்கம் வந்ததும் ஒரு மர பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த நேரத்தில் யாராவது எதையாவது சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "பெரிம்மா, நடுவுல நிக்கற தொரைய ரெண்டு தபா சுத்திட்டே. பெரியப்பா இதுக்கா ஜெயிலுக்குப் போனாரு? கோச்சிக்கப் போறாரு."

"அவன் நடுவுல வந்து நின்னுக்கினா நான் இன்னாடா பண்றது?" என்றார் பெரியம்மா. சிரிக்கவில்லை.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "அம்மா. நெசமா சொல்லு. படத்துல அப்பா இல்லியா, இல்ல உனுக்குத் தெரிலயா?"

பெரியம்மா முந்தானை நுனியை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"தெரிலமா."

"எப்டிமா தெரியாம போவும்? உன் புருசன்தான?"

"எனுக்குப் பதினாலு வயசு. கூட்டுக் குடும்பம். மாமியாரு, நாத்தனாரு மூணு பேரு, கொழுந்தனாரு. அவுங்க எதுர்ல நிமுந்து புருசன் மூஞ்சிய பாக்க முடியுமா? பாத்தா பேச்சு. ராத்திரில வௌக்கு கிடையாது. அப்பால ஜெயிலுக்குப் போய்ட்டாரு. வந்தப்ப மூஞ்சி மூஞ்சியாவே இல்ல, எலும்பு."

"அப்ப கிளி மூக்கு?"

பெரியம்மா முந்தானையை விரலிலிருந்து உருவினார்.

"மையி இட்டா மாதிரி கண்ணு?"

"நீ கேட்டுக்கினே இருந்தியேமா" என்றார் பெரியம்மா. "பால் குடிக்கற வயசுலேர்ந்து கேட்டுக்கினு இருந்தே. ஒரு நாளு சொன்னேன். சொன்னா தூங்குனே. அப்பால மாத்த முடில."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ஆடவில்லை, சத்தம் வரவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சீண்டத் தெரியும். இத்தனை வருஷமாக அவள் மனசுக்குள் மாட்டி வைத்திருந்த படத்தை ஒருவர் கழற்றிக் கீழே வைத்துவிட்டார், சுவர் மட்டும் இருக்கிறது. அதற்கு என்ன சொல்வது என்று எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"போலாமா" என்றாள், திரும்பாமலே.

"மூணாவது சுத்து பாக்கி இருக்குது" என்றார் பெரியம்மா எழுந்துகொண்டே.

"இது கோயிலாம்மா?" அக்காவின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. தூரத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டோட வுடக் கூடாதுமா. நீங்க இருங்க. நான் வந்துர்றேன்."

தனியாக நடந்தார். நான் பின்னால் போனேன். கொஞ்சம் பொறுத்து அக்காவும் வந்தாள். இந்த முறை பெரியம்மா எந்தப் படத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரகாரத்தில் முணுமுணுத்துக்கொண்டு போவது மாதிரி தரையைப் பார்த்தபடி போனார். பிள்ளைகள் போய்விட்டதால் கூடம் காலியாக இருந்தது. எங்கள் வெறுங்கால் சத்தம் மட்டும் கேட்டது.

ஊர்வலப் படத்தைத் தாண்டப் போனவர் நின்றார்.

"டேய். இதோ இருக்காரே."

"யாரு பெரிம்மா?"

அவர் காட்டியது படத்தின் கீழே, வலது ஓரம். அங்கே ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். வெறும் முதுகு. இடுப்பில் வேட்டி, தலையில் முண்டாசு. நாங்கள் மூன்று பேரும் இரண்டு முறையும் முகம் தேடியதில் அந்த ஆளைப் பார்த்ததாகவே நினைவில்லை.

"முதுகுதான தெரியுது பெரிம்மா."

"முதுகுதான்டா எனுக்குத் தெரியும்" என்றார். "விடியக்காத்தால தறிக்குழில எறங்குவாரு. நான் பின்னால உக்காந்துக்கினு ராட்டைல தார் சுத்துவேன். பொழுது சாயற வரிக்கும் இதத்தான பாத்துக்கினு இருந்தேன். வலது தோளு எறங்கி இருக்குது பாரு."

"தறி நெய்யறவன் எல்லாருக்கும் அப்டித்தான பெரிம்மா. எனுக்குக்கூட எறங்கித்தான் இருக்குது." நான் கேலிக்குச் சொல்லவில்லை. இன்னொரு கிளி மூக்கு வந்துவிடக் கூடாது என்று பயமாக இருந்தது.

"காத பாரு."

பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ.

"அறுந்த இழைய முடியறதுக்கு ஒரு புரி நூலு காதுல சொருகி வெச்சிக்குவாரு. அன்னிக்கி அரக்குப் புடவ தறில இருந்துச்சி. தெருவுல கூட்டம் போவுதுன்னு சத்தம் கேட்டதும் அப்டியே எழுந்து போனாரு. காதுல நூலு இருக்குதுன்னு சொல்லணும்னு எனுக்கு வாய் வரிக்கும் வந்துச்சி. மாமியாரு வாசப்படில நின்னுக்கினு இருந்தாங்க. சொல்லல."

பக்கத்தில் போனேன். ஒரு தூரிகைத் தீற்று. அரக்கு நிறம், அரிசி நீளம். அது நூலாக இருக்கலாம். கை தவறித் தெறித்த சாயமாகவும் இருக்கலாம். இரண்டு அடி பின்னால் வந்தேன். நூல். புரி பிரிந்த பட்டு நூல், நுனி கொஞ்சம் காற்றில் ஆடுகிறது. மாடியில் நின்றுகொண்டு, அவ்வளவு கூச்சலில், போலீஸ் வருகிற நேரத்தில், அந்த ஓவியக்காரர் ஒரு நெசவாளியின் காதில் இருந்த நூலைப் பார்த்திருக்கிறார். பார்த்ததை மறக்காமல் ராஜாக்கள் இருக்கிற சுவருக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். 

அக்கா மெதுவாகக் கேட்டாள். "மூஞ்சி?"

அடுத்து நான் செய்ததற்கு யோசனை காரணம் இல்லை, பழக்கம்தான் காரணம். எங்கள் ஊரில் புடவையைக் கையில் வாங்கினால் முதலில் திருப்பித்தான் பார்ப்போம். முன்பக்கம் எவனும் நன்றாகக் காட்டுவான், நெசவு பின்பக்கத்தில்தான் தெரியும். அந்தப் படம் மேலே சங்கிலியில் தொங்கி, கீழே சுவரில் சாய்ந்திருந்தது. அக்கா 'மூஞ்சி' என்றதும் நான் குனிந்து, சட்டத்தின் கீழ் மூலையைப் பிடித்து ஒரு சாண் இழுத்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

"ஏய்! ஏய்! எவன்டா அவன்!"

காவலாளியின் தொந்திக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "இன்னாபா பண்றே? கவர்மெண்டு சொத்து இது! பின்னால இன்னா ஒளிச்சி வெச்சி இருக்கோம்னு தேட்றே?"

"மூஞ்சி சார்" என்றேன்.

"இன்னாது?"

"அவரு அந்தாண்ட திரும்பி இருக்காரு இல்ல சார். அதான் பின்பக்கம் பாத்தா…"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, எவ்வளவு பெரிய மடையன் நான் என்று. தெருவில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் ஆறு மாசத்துக்கு அவனை விட்டிருக்க மாட்டேன். காவலாளி என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று அப்புறம் சொன்னாள்.

"தம்பி தெரியாம பண்ணிட்டாம்பா" என்றார் பெரியம்மா. "அது என் ஊட்டுக்காரரு."

"எதுமா?"

பெரியம்மா காட்டினார். காவலாளி அந்த முதுகைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், மறுபடி முதுகைப் பார்த்தார். "நெசமாவா? தெனம் நான்தாம்மா தொடைக்கறேன் இத" என்றார்.  போய்த் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "உக்காருங்க. மூடறதுக்கு நேரம் இருக்குது." அப்புறம் என்னைப் பார்த்து, "நீ கைய கட்டிக்கினு நில்லு" என்றார்.

பெரியம்மா உட்கார்ந்தார். அந்த முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி. உட்கார்ந்த உடனே வலது கை மடியில் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ராட்டை இல்லை என்பது கைக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"உள்ள இன்னாடா இருந்துச்சி?" அக்கா என் காதில் கேட்டாள்.

"ஒட்டடை. ஆணி. அப்பால துணி."

"துணியா?"

"சாயம் போடாத கோராத் துணிக்கா. முரட்டு நூலு. பாவும் ஊடையும் நல்லா தெரியுது. எவனோ ஒருத்தன் தறில உக்காந்து நெய்ஞ்சிருக்கான். இந்தக் கூடத்துல இருக்கற ராஜா, தொரை எல்லாரும் அதும்மேலதான் நிக்கறாங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான்கு சுவரிலும் அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெடல் போட்டவர், வாள் பிடித்தவர், கடிகாரப் பெட்டியோடு குனிந்தவர்கூட ஒரு கண்ணால் எங்களைத்தான் பார்த்தார். பெரியப்பா ஒருவர்தான் எங்களைப் பார்க்கவில்லை.

"அவரு எத பாத்துக்கினு இருக்காரும்மா?" என்றாள் அக்கா.

"கோபுரத்த" என்றார் பெரியம்மா. "போலீஸ்காரன நெனச்சா எனுக்குப் பயமா இருக்குது. அவுரு நடந்துக்கினே இருக்காரு."

அக்கா போய்ப் பெரியம்மாவின் முக்காலிக்குப் பின்னால் நின்றாள். நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு. ஒரு வரிசை மாதிரி ஆகிவிட்டது. அவர் பார்த்த கோபுரத்தையே நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். தினம் பார்க்கிற கோபுரம்தான். ஆனால் அன்றைக்கு அதை முதல் முறையாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. காவலாளி மணி அடித்த பிறகுதான் பெரியம்மா எழுந்தார்.

கல்யாணத்துக்கு ஆரணியிலிருந்து வந்த பெரியப்பாவின் தம்பி, படம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று ஒரு வழி சொன்னார். மேடையில் ஒரு நாற்காலி போட்டு, அதில் புது வேட்டியும் துண்டும் வைத்து மாலை போட்டுவிடலாம், பெண் அதற்கு முன்னால் விழுந்து கும்பிடட்டும் என்றார். அப்படியே போட்டார்கள். நாற்காலி மணையைப் பார்த்தபடி இருந்தது. துண்டை அதன் முதுகில் போர்த்தியிருந்தார்கள்.

அலங்காரம் முடிந்து வந்த அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். "டேய், அந்த நாக்காலிய திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். நாற்காலியின் முதுகு இப்போது பெண்ணைப் பார்த்து இருந்தது, இருக்கை வாசலைப் பார்த்து.

"எவன்டா நாக்காலிய திருப்புனது?" என்று தம்பிக்காரர் கத்தினார். மண்டபம் முழுக்க ஒரே குரலில் என் பேரைச் சொன்னது. "வெளையாடற எடமாடா இது? ஆசீர்வாதம் பண்றவரு முதுகக் காட்டிக்கினா உக்காருவாரு?" அவர் நாற்காலியைத் திருப்பப் போனார். பெரியம்மா குறுக்கே வந்து அதன் முதுகில் கை வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார்.

அக்கா அந்த முதுகுக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, நெற்றியில் ஒட்டியிருந்த பூவிதழைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவரு முன்னால போய்க்கினு இருக்காரு சித்தப்பா. நாம பின்னால போலாம்."

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேளக்காரருக்கும் புரியவில்லை. அந்த அமைதியைப் பார்த்து முகூர்த்தம் வந்துவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எல்லோரும் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.